அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாமா?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவில் கல்லூரி அணிக்கு ஆடும் மாணவர்கள் விளம்பரத்தில் நடிப்பது, காசுக்குக் கையெழுத்துப் போடுவது, தங்கள் பெயர் போட்ட சட்டையை விற்பது எல்லாம் சரியா? படிப்பே இலவசமாகக் கிடைக்கிறதே, அதற்கு மேல் எதற்குப் பணம்? கூடவே, உங்கள் அக்கா மகள் அடுத்த வருடம் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் அங்கே போகிறாள், அவளுக்கும் இது பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

சம்பாதிக்கலாம் என்பதே என் பதில். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கக்கூடாது என்று 2021 வரை இருந்த தடை அநியாயமானது. ஆனால் 2021க்குப் பிறகு 'பெயர், உருவ உரிமை' என்ற தலைப்பில் கைமாறும் பணத்தில் பெரும்பகுதி விளம்பரப் பணமே இல்லை. அது சம்பளம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஆளுக்கொரு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அங்கே கல்லூரி விளையாட்டு என்றால் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். நம் ஊரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியைப் பார்க்க வருபவர்கள் ஆடுகிறவர்களின் நண்பர்கள்தான். அங்கே மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) மைதானத்தில் மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பென் ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் மைதானங்களும் அப்படித்தான். இந்த விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு என்சிஏஏ. மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியை ஒளிபரப்பும் உரிமையை 2010இல் அது 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. 2016இல் அதையே 2032 வரை நீட்டிக்க இன்னொரு 880 கோடி டாலர். ஃபுட்பால் டிவி பணம் இதில் சேராது, அது தனி.

பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குபவர் ஆளுநர் இல்லை, பல்கலைக்கழக கோச். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல். அவர் அந்த அணியைத் தொடர்ந்து பயிற்றுவிப்பதற்கான தொகை இல்லை இது. போகச் சொல்வதற்கு! படிப்புக்கு ஆதரவான விளையாட்டு, பணம் புகுந்தால் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் இந்தத் தொகையை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஆடுகிற பையன் கையில் மட்டும் அது வரக்கூடாது என்றுதான் விதி இருந்தது.

இது பிற்காலத்தில் வந்த சீரழிவு என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் போட்டி 1852இல் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஒரு ஏரியில் நடந்தது. மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டது ஒரு ரயில்வே கம்பெனி. வேடிக்கை பார்க்க வருபவர்கள் ரயில் டிக்கெட் வாங்குவார்கள் என்ற கணக்கு.

சரி, தடை எப்படி வேலை செய்தது என்று ஒன்றிரண்டு சம்பவங்களில் பார்ப்போம். ஏனென்றால் கொள்கையாகப் பேசும்போது 'அமெச்சூர் பண்பு', அதாவது காசுக்காக ஆடாமல் இருப்பது, அழகாகத்தான் இருக்கும்.

2010இல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் ஏ. ஜே. கிரீன், தான் ஒரு போட்டியில் போட்டு ஆடிய சட்டையை 1,000 டாலருக்கு விற்றார். அவருடைய சட்டை, அவர் வியர்வை பட்டது. என்சிஏஏ அவரை நான்கு ஆட்டங்களுக்கு நீக்கிவைத்தது. அந்த நான்கு வாரமும் பல்கலைக்கழகக் கடையில் அவருடைய 8ஆம் எண் சட்டை சுமார் 40 டாலரிலிருந்து ஆரம்பித்து விற்றுக்கொண்டுதான் இருந்தது. அவர் விற்றால் குற்றம், அவர்கள் விற்றால் வியாபாரம்.

2013இல் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மான்ஸீல் காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டாரா என்று என்சிஏஏ விசாரித்துக்கொண்டிருந்தது. சட்டையில் இருப்பது வெறும் எண்தான், எந்தத் தனி வீரரையும் அது குறிக்காது என்பது அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாதம். அந்த ஆகஸ்ட் மாதம், டியூக் பல்கலைக்கழக அணியின் முன்னாள் வீரரும் வழக்கறிஞரும் தொலைக்காட்சி விமர்சகருமான ஜே பிலாஸ், என்சிஏஏவின் சொந்த இணையக் கடையின் தேடல் பெட்டியில் 'மான்ஸீல்' என்று தட்டினார். வந்து நின்றது டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் 2ஆம் எண் சட்டை, மான்ஸீலின் எண். இன்னும் சில வீரர்களின் பெயரைத் தட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் சரியான சட்டை வந்தது. படம் பிடித்துப் போட்டார். உடனே தேடல் வசதி முடக்கப்பட்டது, சில நாட்களில் அந்தக் கடையில் கல்லூரிச் சட்டை விற்பதையே என்சிஏஏ நிறுத்திக்கொண்டது. 'எண் யாரையும் குறிக்காது' என்ற வாதம் அந்தத் தேடல் பெட்டியோடு முடிந்துபோனது என்று நினைக்கிறேன்.

ஜெரமி புளூம் கதை எனக்கு இன்னும் கோபம் வரவைப்பது. அவர் ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரர், கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபுட்பாலும் ஆடினார். பனிச்சறுக்குப் பயிற்சிக்கு ஆகும் செலவை அந்த விளையாட்டில் உள்ளவர்கள் விளம்பரதாரர்களிடமிருந்துதான் பெறுவார்கள், வேறு வழியில்லை. ஒரு விளையாட்டில் தொழில்முறைச் சம்பளம் வாங்கிக்கொண்டே இன்னொரு விளையாட்டைக் கல்லூரிக்காக ஆட என்சிஏஏ அனுமதித்தது, பேஸ்பால் சம்பளம் வாங்கியபடி ஃபுட்பால் ஆடியவர்கள் உண்டு. ஆனால் விளம்பரப் பணம் கூடாது. புளூமின் விளையாட்டில் இருந்ததோ விளம்பரப் பணம் மட்டும். 2004இல் அவரது கல்லூரி ஃபுட்பால் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. 2017இல் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டிலாஹே என்ற வீரர் யூடியூப் சேனல் நடத்தியதற்காகத் தகுதி இழந்து ஸ்காலர்ஷிப்பையும் இழந்தார். அதே கல்லூரியில் படித்த வேறு எந்த மாணவரும் யூடியூபில் சம்பாதிக்கலாம். இசைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை மார்கழியில் கச்சேரி பண்ணிச் சன்மானம் வாங்கினால் சீட்டைப் பறிப்பீர்களா? பந்து தொட்டவனுக்கு மட்டும் இந்தத் தனிச் சட்டம் எதற்கு?

இலவசப் படிப்பு பற்றி. இது நியாயமான கேள்விதான், அமெரிக்காவில் ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவைப் பார்த்தால் சின்ன விஷயம் இல்லை. ஆனால் சில விவரங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா வீரர்களுக்கும் முழு ஸ்காலர்ஷிப் கிடையாது. நீச்சல், தடகளம் மாதிரியான விளையாட்டுகளில் இரண்டு மூன்று ஸ்காலர்ஷிப்பைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டதே வழக்கம். 1973இலிருந்து ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்குத்தான், வருடா வருடம் கோச் பார்த்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பல வருட ஸ்காலர்ஷிப் தரலாம் என்று விதி மாறியது 2012இல்தான். காலை உடைத்துக்கொண்டவன், ஃபார்ம் போனவன் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியைச் சாம்பியன் ஆக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கப் போயிருக்கிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அது நாடு முழுக்கப் பேசப்பட்ட சில நாட்களில்தான் வீரர்களுக்கு வேண்டிய அளவு சாப்பாடு போடக் கல்லூரிகளுக்கு அனுமதி வந்தது.

படிப்பின் தரம்? நார்த் கரோலினா பல்கலைக்கழகம் சாப்பல் ஹில்லில், வகுப்பே நடக்காத, கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல மார்க் கிடைக்கிற பாடங்கள் 18 ஆண்டுகள் ஓடின. 3,100 மாணவர்களுக்கு மேல் அவற்றில் சேர்ந்தார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அணி வீரர்கள். 2014இல் விசாரணை அறிக்கை வெளியானது. 2017இல் என்சிஏஏ தண்டிக்க முடியாது என்று கைவிரித்தது. சட்டையை விற்றதற்கு நான்கு ஆட்டம், 18 வருடப் போலி வகுப்புக்கு ஒன்றுமில்லை. படிப்பைக் காப்பாற்றத்தான் தடை என்பதை நான் நம்பாததற்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

தடையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்தக் கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில் என்சிஏஏவை நடத்திய வால்டர் பையர்ஸ், வீரர்கள் தொழிலாளர்கள் ஆகிவிடக்கூடாது என்பதில் குறியாக இருந்தார். வீரர் மாணவர்தான், தொழிலாளி இல்லை என்ற நிலைப்பாடு அப்படித்தான் இறுகியது. பணம் வாங்காதவரைதான் அவர் 'தொழிலாளி இல்லை'. 1974இல் ஆட்டத்தில் முதுகுத்தண்டு உடைந்து முடங்கிய டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப் கேட்ட இழப்பீட்டையும் 2000இல் நீதிமன்றம் இதே தர்க்கத்தில்தான் மறுத்தது. பையர்ஸ் ஓய்வு பெற்ற பிறகு, 1990களில், தான் கட்டிய அமைப்புக்கு எதிராகவே எழுதினார். உள்ளே இருந்தவரே அப்படிச் சொன்னது முக்கியம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுவரில் முதல் விரிசல் ஒரு வீடியோ கேமால் வந்தது. எட் ஓபேனன் 1995இல் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியோடு கூடைப்பந்துச் சாம்பியன். தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் பெரிதாகச் சோபிக்கவில்லை. பிறகு லாஸ் வேகஸ் பக்கம் ஒரு கார் ஷோரூமில் வேலை. ஒரு நாள் நண்பர் வீட்டுக்குப் போனபோது, நண்பரின் பையன் கல்லூரிக் கூடைப்பந்து கேம் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் யூசிஎல்ஏவின் பழைய அணி. அதில் 31ஆம் எண், மொட்டைத் தலை, இடது கையால் பந்து போடுகிறான். பெயர் மட்டும் இல்லை. அது தான்தான் என்று ஓபேனனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கேமை வாங்க நண்பர் காசு கொடுத்திருக்கிறார், உருவத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பைசா வரவில்லை, கேட்கக்கூட இல்லை. கல்லூரியை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி எந்த 'அமெச்சூர் தகுதி'யைக் காப்பாற்ற?

2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன், என்சிஏஏவின் விதி, வியாபாரப் போட்டியை முடக்கக்கூடாது என்ற சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு பாதி குறைக்கப்பட்டாலும் அடிப்படை நின்றது. கேம் நிறுவனமும் என்சிஏஏவும் கோடிக்கணக்கில் கொடுத்து அந்தக் கேம் சம்பந்தமான வழக்குகளை முடித்துக்கொண்டன. ஈஏ ஸ்போர்ட்ஸ் 2013க்குப் பிறகு கல்லூரி ஃபுட்பால் கேம் போடுவதையே விட்டுவிட்டு, 2024இல்தான் திரும்ப வந்தது. இந்த முறை வீரர்களிடம் கேட்டுத்தான் வந்தது. சம்மதிக்கும் ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் கேம் ஒன்றும். 10,000 பேருக்கு மேல் சம்மதித்தார்கள். பெரிய தொகை இல்லை, குறைவு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கேட்டுவிட்டு, காசு கொடுத்துவிட்டுச் செய்தார்கள். கேம் அழிந்துபோகவில்லை, ரசிகர்கள் ஓடிப்போகவில்லை.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா, தன் மாநிலக் கல்லூரிகள் வீரர்களின் விளம்பர வருமானத்தைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் வரிசையில் நின்றன. 2021 ஜூன் 21 அன்று, கல்விச் சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்த உச்சவரம்பு பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில், வேறெந்தத் தொழிலிலும் ஆளுக்குச் சரியான கூலி தராமல் இருக்க முதலாளிகள் கூடிப் பேசி முடிவெடுத்தால் சட்டம் விடாது, இங்கே மட்டும் எப்படி விடும் என்ற பொருளில் கேட்டார். பத்து நாளில், ஜூலை 1 அன்று, என்சிஏஏ தடையை விலக்கிக்கொண்டது.

என்ன ஆனது? முதல் நாளே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியின் இரட்டைச் சகோதரிகள் ஹேலி, ஹானா கேவிண்டர் ஒரு மொபைல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் கூடைப்பந்து வீராங்கனைகள், பெரிய கல்லூரிகூட இல்லை. நெப்ராஸ்கா அணியில் டிகோல்டஸ்ட் க்ராஃபோர்ட் என்று ஒரு பையன். இருப்பதிலேயே குளிரானவன் என்று அர்த்தம் வரும் அந்தப் பெயருக்காகவே உள்ளூர் ஏசி நிறுவனம் ஒன்று அவரை விளம்பரத்தில் போட்டது. இதுதான் உண்மையான பெயர் உரிமை. யாருக்கும் நஷ்டமில்லை, அணியில் யார் இடமும் போகவில்லை.

எதிர்த்தவர்கள் சொன்ன ஒரு முக்கியமான பயம், பணமெல்லாம் ஆண்களின் ஃபுட்பாலுக்குப் போய்விடும், பெண்கள் பின்தங்குவார்கள் என்பது. விளம்பரப் பணத்தில் அப்படி நடக்கவில்லை. எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ஜிம்னாஸ்ட் லிவி டன் நாட்டிலேயே அதிகம் சம்பாதிக்கும் கல்லூரி வீரர்கள் பட்டியலில் வந்தார். ஜிம்னாஸ்டிக்ஸில் கல்லூரிக்குப் பிறகு தொழில்முறை லீக் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2024 பெண்கள் இறுதிப் போட்டியை 1.8 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், ஆண்கள் இறுதிப் போட்டியை விட அதிகம், வரலாற்றில் முதல் முறை. அந்த வருடமே அவர் தொழில்முறை டபிள்யூஎன்பிஏவுக்குப் போனபோது முதலாண்டுச் சம்பளம் சுமார் 76,000 டாலர்தான். ஸ்டேட் ஃபார்ம், நைக்கி, கேட்டரேடு ஒப்பந்தங்கள் கல்லூரியிலேயே வந்துவிட்டன. பழைய விதியில் அவர் இந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடத் தொட்டிருக்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மையம் இதுதான். கல்லூரி ஃபுட்பால், கூடைப்பந்து வீரர்களில் தொழில்முறை லீகுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பது என்சிஏஏவே சொல்லும் கணக்கு. மற்ற எல்லோருக்கும் அவர்கள் பெயர் விலைபோகும் காலம் அந்த நான்கு வருடம்தான். 22 வயதுக்கு மேல் அவர்கள் கையெழுத்தை யாரும் கேட்கப்போவதில்லை. 'பட்டம் வாங்கு, பிறகு சம்பாதி' என்பது அந்தப் பிள்ளைகளுக்கு 'சம்பாதிக்காதே' என்பதேதான். அத்தோடு அவர்களுக்கு மாற்று வழியும் இல்லை. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல் எடுக்காது, 19 வயது ஆகாமல் என்பிஏ எடுக்காது. வேறு கதவை அடைத்துவிட்டு, இந்தக் கதவு வழியாக வந்தவனிடம் நீயாக விரும்பித்தானே வந்தாய் என்று சொல்வது நேர்மையில்லை.

இனி, கசப்பான பகுதி. தடை போன சில மாதங்களில் 'கலெக்டிவ்' என்ற அமைப்புகள் முளைத்தன. ஒரு கல்லூரியின் பணக்கார ரசிகர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து பணம் போட்டு, அந்த அணிக்கு வருகிற வீரருக்குக் கொடுப்பார்கள். காகிதத்தில் 'பெயர், உருவ உரிமைக்கு' என்று இருக்கும். வீரர் ஒரு நிகழ்ச்சிக்கு வந்து தலை காட்டுவார், சமூக வலைதளத்தில் ஒரு பதிவு போடுவார். அதற்கு லட்சக்கணக்கான டாலர். இது விளம்பரம் இல்லை, ஆள் எடுக்கும் பணம். ஏசி கம்பெனி விளம்பரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதே 2021இல் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது. இரண்டும் சேர்ந்ததும் வருடா வருடம் ஏலம் மாதிரி ஆகிவிட்டது.

சம்பளமாக இருந்தும் சம்பளம் என்று யாரும் ஒப்புக்கொள்ளாததால், சம்பளக்காரருக்கு இருக்கும் எந்தப் பாதுகாப்பும் வீரருக்கு இல்லை. ஜேடன் ரஷாடா என்ற குவாட்டர்பேக் (ஃபுட்பாலில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தால் 1.38 கோடி டாலர் என்று சொல்லி அழைத்து ஏமாற்றிவிட்டதாக 2024இல் அங்கிருந்த கோச் உள்ளிட்டோர் மீது வழக்குப் போட்டார். அதே வருடம் யூஎன்எல்வி (லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகம்) அணியின் மேத்யூ ஸ்லூகா, மூன்று ஆட்டம் ஆடி மூன்றும் ஜெயித்த நிலையில் விலகினார். துணை கோச் வாய்மொழியாகச் சொன்ன 1 லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு, அப்படி ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை என்றது கல்லூரி. யார் சொன்னது உண்மை என்பது இருக்கட்டும். 18 வயதுப் பையனின் வருமானம் ஒரு கோச் வாயால் சொன்ன சொல்லில் நிற்பதே தவறு. 'பாருங்கள், பணம் வந்ததும் என்ன கதியாயிற்று' என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு நேரடியாகக் கல்லூரியே கொடுத்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

அந்தத் திசையில் ஒரு படி 2025இல் நடந்தது. அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸ் பெயரில் நடந்த வழக்கில், அதே நீதிபதி வில்கன் ஜூன் 6 அன்று சமரசத்தை ஏற்றார். 2016இலிருந்து ஆடியவர்களுக்கு இழந்த வருமானத்துக்காகப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். ஜூலை 1 முதல் சமரசத்தை ஏற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதலாண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். 600 டாலருக்கு மேல் போகும் வெளி ஒப்பந்தங்கள் உண்மையான வியாபாரமா என்று ஒரு தனி அமைப்பு பரிசோதிக்கும்.

நல்லதுதான், ஆனால் குறைகள் உண்டு. வீரர்கள் இன்னும் 'ஊழியர்கள் இல்லை'. உச்சவரம்பைப் பேரம் பேசி முடிவுசெய்ய அவர்களுக்குச் சங்கம் இல்லை. டார்ட்மத் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-2 என்று சங்கம் அமைக்க வாக்களித்தது, அந்த வருடக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இழப்பீட்டுத் தொகையில் மிகப் பெரும் பங்கு ஆண்களுக்கே போகும்படி இருப்பதால், பாலினச் சமத்துவச் சட்டமான டைட்டில் நைன்படி இது செல்லாது என்று வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. விளம்பரப் பணத்தில் ரசிகர்கள் முடிவெடுத்தார்கள், பெண்கள் ஜெயித்தார்கள். நேரடிப் பணத்தில் நிர்வாகம் முடிவெடுக்கிறது, அங்கேதான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கிறது.

எதிர்த்தரப்பில் நான் உண்மையிலேயே மதிக்கும் வாதம் ஒன்றுதான். பெரும்பாலான கல்லூரிகளின் விளையாட்டுத் துறை லாபத்தில் ஓடுவதில்லை. ஃபுட்பால் பணத்தில்தான் நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ், தடகளம் எல்லாம் நடக்கின்றன. அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. நேரடிச் சம்பளம் வந்தால் முதலில் வெட்டப்படுவது இவைதான். 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி கல்லூரி தன் நீச்சல் அணியைக் கலைத்தபோது, வரப்போகும் இந்தச் சமரசத்தையும் காரணமாகச் சொன்னது. இழப்பு உண்மையானது, அந்த நீச்சல் பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அதற்கான பணத்தை ஃபுட்பால் வீரனின் கூலியில் பிடித்துத்தான் கொடுக்க வேண்டுமா? நீக்கப்பட்ட கோச்சுக்கு 7.5 கோடி கொடுக்க முடிகிற துறையில் வெட்டுவதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. தவிர, இந்த வாதம் நேரடிச் சம்பளத்துக்குத்தான் பொருந்தும். வெளியே ஒரு கடை கொடுக்கும் விளம்பரப் பணத்தால் எந்த நீச்சல் குளமும் மூடப்படாது.

இப்போது உங்கள் அக்கா மகள் விஷயம். இங்கே கவனம் தேவை. 2021இல் மாறியது என்சிஏஏ விதி, விசா விதி மாறவில்லை. மாணவர் விசாவான எஃப்-1இல் போகிறவர் வளாகத்துக்குள் குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்யலாம், வெளியே சம்பாதிக்கத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் நின்றுகொண்டு விளம்பரத்தில் நடிப்பது, காசுக்குக் கையெழுத்துப் போடுவது, காசுக்குப் பதிவு போடுவது எல்லாம் வேலையாகக் கருதப்பட்டு விசாவுக்கே ஆபத்தாகலாம். காங்கோவிலிருந்து வந்து கென்டக்கிக்கு ஆடிய ஆஸ்கர் ஷீப்வே, 2022இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார், அமெரிக்க மண்ணில் செய்யக்கூடாது என்பதால். பர்டூவுக்கு ஆடிய கனடாக்காரர் ஸாக் ஈடி நாட்டின் சிறந்த வீரராக இருந்தும், கூட ஆடிய அமெரிக்கர்கள் சம்பாதித்த வழிகள் பல அவருக்கு மூடியே இருந்தன. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர், கேன்சஸ் ஸ்டேட்டுக்காக 2018லும் 2022லும் உயரம் தாண்டுதலில் என்சிஏஏ சாம்பியன் ஆனவர். அவரைப் போல ஜெயித்தாலும் நம் பிள்ளைகளுக்கு இந்த வாசல் பாதிதான் திறந்திருக்கிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். ஆனால் அதை எதிர்த்துப் போராட வேண்டியவள் முதல் வருட மாணவி இல்லை.

டென்னிஸில் இன்னொரு சிக்கல் பரிசுப் பணம். கல்லூரியில் சேருமுன் வாங்கும் பரிசுத் தொகைக்கு வருடத்துக்கு 10,000 டாலர் என்று பொதுவான வரம்பு இருந்தது, அதற்கு மேல் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். நார்த் கரோலினா வீராங்கனை ரீஸ் பிராண்ட்மையர், யூஎஸ் ஓப்பனில் ஆடி வென்ற பணத்தின் பெரும்பகுதியை விட்டுவிட வேண்டி வந்ததால் 2024இல் வழக்குப் போட்டார். இந்த விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் அவள் இங்கே ஆடும் ஒவ்வொரு ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிக்கும் பரிசுத் தொகை, பயணம், தங்கல், கோச் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீது எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இன்றிலிருந்தே.

இந்தியாவில் இருக்கும்போது ராக்கெட் கம்பெனியோ உள்ளூர்க் கடையோ ஒப்பந்தம் தந்தால், கையெழுத்துக்கு முன் கல்லூரியின் இரண்டு அலுவலகங்களுக்கும் மின்னஞ்சல் போக வேண்டும்: விளையாட்டுத் துறையில் விதிகளைப் பார்க்கும் அலுவலகம், வெளிநாட்டு மாணவர் அலுவலகம். கோச் 'ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று சொன்னால் போதாது, விசா கோச் கையில் இல்லை. பதில் எழுத்தில் வர வேண்டும். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது வருங்கால வருமானத்தில் சதவீதம் கேட்டால் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். வரும் பணத்துக்கு இரண்டு நாட்டிலும் வரிக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கலாம், அதற்கும் முதலிலேயே ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். ஸ்காலர்ஷிப் கடிதம் வந்ததும் அது எத்தனை வருடத்துக்கு, காயம் பட்டால் தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது என்ற மூன்றையும் பாருங்கள். கடிதத்தில் இல்லாவிட்டால் சம்மதம் சொல்லுமுன் கேட்டு வாங்குங்கள்.